ஹெச்பிவி பாசிட்டிவ் வந்தவருக்கு மாதிரி எடுப்பது: ஸ்வாபா, பிரஷ்ஷா, ஸ்பாட்டுலாவா?

கேள்வி: 3 பிப்ரவரி 2025

என் அக்காவுக்கு 41 வயது. ஒரு முகாமில் ஸ்வாப் (மாதிரி எடுக்கும் குச்சி) கொடுத்து, பாத்ரூமில் போய் அவரையே எடுத்து வரச் சொன்னார்கள். ஹெச்பிவி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் 16, 18 வகைகள் இல்லை, "மற்ற அபாய வகை" என்று போட்டிருக்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரிக்கு வா, ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பிடிக்கும் கருவி) போட்டு பிரஷ்ஷால் மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் எடுத்தது தப்பு என்றால் பாசிட்டிவும் தப்புதானே? சரி என்றால் எதற்கு இரண்டாவது தடவை? என்னைக் கேட்டால் இந்தத் தானே எடுக்கும் ஸ்வாப் எல்லாம் கண்துடைப்பு. தெரிந்தவர்கள் சொல்லவும்.

3 பிப்ரவரி, இரவு 10.15

கண்துடைப்பு இல்லை. நான் டாக்டரும் இல்லை, சைட்டாலஜி டெக்னீஷியன், அதாவது செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவள். பேப் ஸ்லைடு (கர்ப்பப்பை வாயில் எடுத்த செல்லைப் பூசிய கண்ணாடி) பார்த்துப் பார்த்தே கழுத்து வலியை வாங்கிக்கொண்டவள். நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதிரியில் தேடியது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி என்ற வைரஸை. பதில் வந்துவிட்டது: இருக்கிறது. இரண்டாவது மாதிரியில் தேடப்போவது, அந்த வைரஸ் கர்ப்பப்பை வாயின் செல்களை ஏதாவது செய்து வைத்திருக்கிறதா என்பதை. அதற்கு ஸ்வாபால் பதில் சொல்ல முடியாது. முகாமில் எடுத்தது வீணாகவில்லை, அதன் வேலை முடிந்துவிட்டது.

அக்காவைப் பயமுறுத்தாதீர்கள். இந்தத் தொற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே சமாளித்து அனுப்பிவிடும். போகாமல் தங்குவதுதான் சிக்கல். அவர் தங்கும் கட்சியா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

4 பிப்ரவரி, காலை 6.50

பால் பொங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஸ்வாபைப் பெண்கள் தாமே வைத்துச் சுழற்றி எடுப்பது கர்ப்பப்பை வாயில் இருந்து இல்லை. அது யோனி வழியில்தான் சுற்றுகிறது. அதில் வருவதில் பெரும்பங்கு யோனிச் சுவரின் செல்கள். கர்ப்பப்பை வாயில் இருந்து தானாக உதிர்ந்து கீழே வந்தவையும் கொஞ்சம் இருக்கும். பிசிஆர் முறைக்கு அந்தக் கொஞ்சம் போதும், ஏனென்றால் அது வைரஸின் டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கிக்கொண்டுதான் தேடுகிறது.

மைக்ரோஸ்கோப்பில் பெருக்கவெல்லாம் வழி இல்லை. ஸ்லைடில் என்ன இருக்கிறதோ அதுதான். பேப் ரிப்போர்ட் எழுத நாங்கள் பின்பற்றும் பெதஸ்டா என்ற விதிமுறையில், பழைய பாணி ஸ்மியர் என்றால் சுமார் 8,000 செல்லாவது நன்றாகத் தெரிய வேண்டும். திரவத்தில் போட்டுச் செய்வது என்றால் 5,000. அவையும் கர்ப்பப்பை வாயில் இருந்து வந்திருக்க வேண்டும். யோனிச் சுவர் செல்லை எண்ணி 5,000 காட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

அப்புறம், புற்றுநோய் ஆரம்பிக்கும் இடம் ஒரு குறுகலான வளையம். வெளிப்புறத் தட்டைச் செல்லும் உள்புறச் சளிச் செல்லும் சந்திக்கிற எல்லை. அந்த எல்லையைத் தொட்டு எடுத்தார்களா என்பதற்குத் தடயமாக, உள்புறச் செல்லோ மாறிக்கொண்டிருக்கும் செல்லோ பத்தாவது இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லாவிட்டால் ஸ்லைடைத் தூக்கி எறிய மாட்டோம், ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவோம். அந்த ஒரு வரியை டாக்டர்களே பாதிப் பேர் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

பால் பொங்கிவிட்டது.

4 பிப்ரவரி, இரவு 9.30

"எல்லா ஸ்வாப் டெஸ்ட்டும் டாக்டர் எடுப்பதற்குச் சமம்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. எந்த மெஷினில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மார்க் ஆர்பின் என்ற ஆய்வாளரின் குழு 2014-இலும் பிறகு 2018-இலும் உலகம் முழுவதும் நடந்த ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தது. பிசிஆர் முறையில் போட்டால், தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றிய மாற்றத்தைப் பிடிப்பதில் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் டிஎன்ஏவைப் பெருக்காமல் சிக்னலை மட்டும் பெருக்கும் பழைய வகை டெஸ்ட்களில் (ஹைப்ரிட் கேப்சர் 2 அந்த வகை) கதை வேறு. டாக்டர் எடுத்ததில் 100 பிடிபட்டால் தானே எடுத்ததில் 85 அளவில்தான் பிடிபடும். ஆக, முகாமில் ஸ்வாப் வாங்குபவர்கள் கேட்க வேண்டியது "இது பிசிஆரா?" என்பது. கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இன்னொன்று. சில டெஸ்ட்களில் மனிதச் செல்லின் ஜீன் ஒன்றையும் கூடவே தேடுவார்கள், பீட்டா குளோபின் மாதிரி. அது தெரியவில்லை என்றால் மாதிரியில் செல்லே இல்லை, எடுத்தவர் சரியாக எடுக்கவில்லை என்று அர்த்தம். "செல்லாது" என்று வரும். ஹைப்ரிட் கேப்சர் 2-இல் அந்தக் காவல் கிடையாது. வெறும் குச்சியை நனைத்து அனுப்பினாலும் அழகாக நெகட்டிவ் என்று வந்துவிடும். வீட்டில் எடுக்கும் மாதிரிக்கு இந்தக் காவல் இல்லாத டெஸ்ட்டை நான் நம்ப மாட்டேன்.

7 பிப்ரவரி

மருந்துக் கடையில் காது குடையும் பஞ்சுக் குச்சி வாங்கி எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. பஞ்சு செல்லை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், திரும்பக் கொடுக்காது. கிட்டில் வரும் ஸ்வாபில் நைலான் இழைகள் குத்திட்டு நிற்கும்; திரவத்தில் ஆட்டினால் எல்லாவற்றையும் விட்டுவிடும். கொரோனா காலத்தில் மூக்கில் விட்டார்களே, அதே குடும்பம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று லீவு. கருவிகளைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

மர ஸ்பாட்டுலா. எர்னஸ்ட் அய்ர் என்ற கனடாக்காரர் 1947-இல் கொண்டுவந்தது. ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். நீண்ட முனையைக் கர்ப்பப்பை வாயின் துளையில் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். விலை மலிவு, பிள்ளை பெற்றவர்களின் அகன்ற வாய்க்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் எல்லை உள்ளே ஏறியிருந்தால் எட்டாது. ஒப்பீடுகளைத் தொகுத்த காக்ரேன் (ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்விலும் அய்ர் ஸ்பாட்டுலாதான் கடைசி. முனை நீட்டிய ஸ்பாட்டுலாவும், ஸ்பாட்டுலாவோடு பிரஷ் சேர்ந்த ஜோடியும் முன்னால்.

பிரஷ் என்றால் இரண்டு உண்டு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி குட்டியாக இருப்பது சைட்டோபிரஷ். துளைக்குள் விட்டு கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அதற்கு மேல் சுற்றினால் ரத்தம்தான் வரும், ஸ்லைடு முழுக்கச் சிவப்பணு, எனக்குத் தலைவலி. அதனால்தான் முதலில் ஸ்பாட்டுலா, பிறகு பிரஷ் என்ற வரிசை. கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம் என்பார்கள்.

இன்னொன்று துடைப்பம் போலத் தட்டையானது. நடு இழைகள் நீளம், துளைக்குள் போகும். ஓர இழைகள் குட்டை, வெளிப்புறத்தைத் தடவும். ஒரே கருவியில் இரண்டு வேலை. இதை ஒரே திசையில் ஐந்து சுற்று சுற்ற வேண்டும், கடிகார முள் சுற்றும் திசையில். இழையின் ஓரங்கள் அந்தப் பக்கம் செல்லைச் சீவுகிற மாதிரி வெட்டப்பட்டிருக்கின்றன. முன்னும் பின்னும் ஆட்டினால் சீவியதைத் திரும்ப அங்கேயே பூசிவிட்டு வருவதுதான் நடக்கும்.

பிறகு திரவம். பழைய முறையில் எடுத்ததைக் கண்ணாடியில் தேய்த்துவிட்டுக் குச்சியைக் குப்பையில் போடுவார்கள். எடுத்த செல்லில் பெரும்பகுதி அந்தக் குச்சியோடு போய்விடும். திரவ முறையில் பிரஷ்ஷை வயலில், அதாவது திரவம் உள்ள சின்னக் குப்பியில், அலசுகிறோம், அல்லது பிரஷ் தலையையே கழற்றி உள்ளே போடுகிறோம். இதில் இரண்டு பிராண்டு உண்டு: தின்பிரெப் என்றால் அலசிவிட்டு எறி, ஷ்யூர்பாத் என்றால் தலையை உள்ளே விடு. இதை மாற்றிச் செய்கிற இடங்கள் உண்டு. தின்பிரெப் வயலைத் திறந்தால் பிரஷ் தலை மிதந்துகொண்டிருக்கும், மெஷின் அதைப் பார்த்து மிரளும்.

திரவ முறையின் உண்மையான லாபம், முற்றிய மாற்றத்தைக் கூடுதலாகப் பிடிப்பது என்று விளம்பரம் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரியாக எடுத்து, சரியாகப் பூசி, உடனே ஆல்கஹாலில் போட்ட பழைய ஸ்லைடு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. லாபம் வேறு: படிக்க முடியாத ஸ்லைடு குறையும், மிச்சத் திரவத்திலேயே ஹெச்பிவி பார்க்கலாம், அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

9 பிப்ரவரி, மாலை

"சரியாக எடுத்து, சரியாகப் பூசி" என்று மதியம் சுலபமாக எழுதிவிட்டேன். எங்களுக்கு வரும் ஸ்லைடுகளைப் பார்த்திருந்தால் சிரிப்பீர்கள்.

ஓரத்தில் பெயரைப் பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதி ஆல்கஹால் ஜாடியில் போட்டால் பெயர் கரைந்து, ஜாடி நீலமாகி, ஐந்து ஸ்லைடு ஐந்து அநாதையாக வந்து நிற்கும். மருந்துச் சீட்டில் மடித்துக் காய்ந்த ஸ்லைடு வரும். காற்றில் காய்ந்த செல்லின் உட்கரு வீங்கி, வெளுத்து, நல்ல செல்லே சந்தேகத்துக்கு இடமாகத் தெரியும். பூசியதும் சில நொடிக்குள் 95 சதவீத ஆல்கஹாலில் முங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். ஜாடி இல்லாமல் ஹேர் ஸ்பிரே அடித்து அனுப்பிய கிளினிக்கும் உண்டு. ஆனால் அந்த ஸ்லைடு அருமையாக இருந்தது. ஹேர் ஸ்பிரேயில் ஆல்கஹால் இருக்கிறது, மேலே ஒரு பூச்சும் போட்டுவிடும். அந்தக் காலத்தில் அதை நிஜமாகவே பயன்படுத்தினார்கள். அந்த நர்ஸுக்கு என் மரியாதை.

10 பிப்ரவரி

ஹேர் ஸ்பிரே எந்தப் பிராண்டு என்று கேட்ட ஆணுக்குப் பதில் இல்லை.

16 பிப்ரவரி

தானே எடுப்பது வலிக்குமா, சரியாக எடுத்தோமா என்று எப்படித் தெரியும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். என் கதையையே சொல்கிறேன்.

லேபில் புது டெஸ்ட் போடும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஜோடி மாதிரிகள் தேவைப்பட்டன: ஒருவரே எடுத்தது ஒன்று, டாக்டர் எடுத்தது ஒன்று. பெண் ஊழியர்கள் சிலர் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டுக் கொடுத்தோம். நானும் ஒருத்தி. ஸ்வாப் வலிக்கவில்லை, அசடு வழிகிற உணர்ச்சிதான். கதவைத் தாளிட்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து, விரல் நீளத்துக்கு உள்ளே விட்டு, இருபது எண்ணும் வரை சுற்றினேன். வெளியே வந்தால் வாட்ச்மேன் "மேடம், தண்ணி வரலையா?" என்கிறார்.

என் ஸ்வாப் பாசிட்டிவ், "மற்ற வகை". டாக்டர் பிரஷ்ஷால் எடுத்தது நெகட்டிவ். ஒரே நாள், ஒரே மெஷின்.

இதற்கு என்ன விளக்கம்? புத்தகம் படித்தவளுக்கு விளக்கத்துக்கா பஞ்சம். யோனிச் சுவரிலும் வைரஸ் குடியிருக்கும். கர்ப்பப்பை வாய் சுத்தமாக இருந்தாலும் ஸ்வாப் அதைப் பிடித்துவிடும். ஒப்பீடுகளில் தானே எடுத்த மாதிரிக்கு வீண் பாசிட்டிவ் ஒரு துளி கூடுவதற்கு இது ஒரு காரணம். அல்லது வைரஸ் எல்லைக்கோட்டு அளவில் இருந்து, ஒன்றில் அகப்பட்டு மற்றதில் தப்பியிருக்கலாம். இரண்டும் சமாதானமாக இருந்ததே தவிர, அன்றிரவு தூக்கம் வரவில்லை. வருடம் கழித்து இரண்டு முறையிலும் எடுத்தேன், இரண்டும் நெகட்டிவ்.

அதில் இருந்து எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒப்பீட்டு அட்டவணையில் "பொருத்தமின்மை" என்று ஒரு கட்டத்தில் போடுவோம். அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஸ்வாபைக் கையில் கொடுக்கிறவர்கள், பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். உங்கள் அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நீங்கள் இங்கே கோபமாக வந்தீர்கள்.

17 பிப்ரவரி

"அப்படியானால் ஸ்வாப் பாசிட்டிவ் வந்தால் இன்னொரு ஸ்வாப் எடுத்துச் சரிபார்க்கலாமே?"

வேண்டாம். நெகட்டிவ் வரும் வரை எடுத்துக்கொண்டே இருக்கும் ஆட்டம் அது. நான் வருடம் கழித்து எடுத்தது டாக்டர் சொல்லி, நடுவில் பேப் ஸ்மியரும் பார்த்த பிறகு.

23 பிப்ரவரி

மாதவிடாய் நின்றவர்களுக்கு எது நல்லது என்ற கேள்வி. என் மாமியாரை வைத்துச் சொல்கிறேன். அவர் கணினி பக்கம் வர மாட்டார், தைரியமாக எழுதலாம்.

ஊரில் ஒரு கிளினிக்கில் ஸ்பாட்டுலாவால் மட்டும் எடுத்தார்கள். ஸ்லைடு என் மேஜைக்கே வந்தது. காய்ந்து சுருங்கிய செல் கொஞ்சம், உள்புறச் செல் ஒன்றுகூட இல்லை. வயதாக ஆக அந்த எல்லை வளையம் துளைக்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். ஸ்பாட்டுலா வெளியே நின்று கதவைத் தடவிவிட்டு வந்துவிடும். இவர்களுக்குக் கட்டாயம் உள்ளே போகிற பிரஷ் வேண்டும். தோல் ரொம்ப மெலிந்திருந்தால் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போட்டுவிட்டு எடுப்பதும் வழக்கம். அவருக்கு அப்படித்தான் செய்தார்கள், இரண்டாவது ஸ்லைடு படிக்கும்படி இருந்தது.

ஆனால் அவர் இரண்டாவது தடவைக்கு எப்படி வந்தார் என்று நினைக்கிறீர்கள்? "என்னத்தப் பாக்கப் போற, எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று மாதக்கணக்கில் தள்ளினார். கடைசியில் அவருடைய தங்கையையும் சேர்த்துக் கூட்டிப்போகிறேன் என்றதும்தான் புடவை மாற்றினார். ஸ்பெகுலம் அந்த வயதில் வலிக்கும், சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

1 மார்ச்

மேலே எழுதியதை எல்லாம் இன்று ஒருமுறை படித்தேன். பிரஷ், ஸ்பாட்டுலா, எத்தனை சுற்று என்று எவ்வளவு எழுதியிருக்கிறேன்! தொழில் புத்தி. நாட்டுக் கணக்கைப் பார்த்தால் இதெல்லாம் கடைசிக் கவலை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 30 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 100-க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாடு எவ்வளவோ மேல், ஆனாலும் பத்தில் ஒருவர்தான். எந்தக் கருவியாலும் எடுக்கப்படாதவர்கள்தான் மிச்சம் எல்லாரும். வருடத்துக்கு 1,20,000-க்கு மேல் புதிதாக இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் நாடு இது.

இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பிரஷ்ஷும் இல்லை, ஸ்லைடும் இல்லை. நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து, அசிடிக் ஆசிட்டை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்து வெண்படலம் வருகிறதா என்று பார்த்தார்கள். தகுந்தவர்களுக்கு அப்போதே உறைய வைக்கும் சிகிச்சை. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பரிசோதனை செய்த குழுவில், செய்யாத குழுவைவிட, இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. பிறகு தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டம் பார்த்து மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வினிகர் வாடை அடித்தால் ஊறுகாய் என்று நினைக்காதீர்கள்.

மாதிரியே எடுக்காத முறை, மாதிரி எடுக்கும் முறைகளுக்கு நடுவே மார்க் வாங்கியதை நான் ரொம்ப நாள் ஜீரணிக்கவில்லை.

2 மார்ச்

நேற்று எழுதியதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் ஆய்வு. 52 கிராமத் தொகுதிகள், 1,31,746 பெண்கள், 30 முதல் 59 வயது. ஒரு பிரிவுக்கு ஹெச்பிவி, ஒன்றுக்குப் பேப், ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். எட்டு வருடம் கழித்து, ஹெச்பிவி பிரிவில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 34 பேர், வழக்கமான பிரிவில் 64 பேர். அங்கே வினிகரும் பேப்பும் சாவைச் சொல்லிக்கொள்ளும்படி குறைக்கவில்லை. திண்டுக்கல்லில் வேலை செய்தது அங்கே ஏன் செய்யவில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்: வெண்படலம் பார்ப்பது முழுக்க முழுக்கக் கண்ணை நம்பிய வேலை. இந்த நர்ஸ் பாசிட்டிவ் என்பாள், அந்த நர்ஸ் நெகட்டிவ் என்பாள். எல்லை உள்ளே ஏறிய ஐம்பது வயதுக்காரிக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. மெஷினுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் ஹெச்பிவி டிஎன்ஏ டெஸ்ட்டையே முதல் டெஸ்ட்டாக வைக்கச் சொன்னது. 30 வயதில் தொடங்கி ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை. எச்ஐவி உள்ளவர்களுக்கு 25-இல் தொடங்கி மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. மாதிரியைத் தானே எடுத்தாலும் சரி, மற்றவர் எடுத்தாலும் சரி.

8 மார்ச்

மகளிர் தின வாழ்த்து சொன்னவர்களுக்கு ஒரு துணுக்கு. பேப் டெஸ்ட்டை உருவாக்கிய டாக்டர் பாப்பனிகொலாவுக்குத் தினமும் மாதிரி கொடுத்தது யார் தெரியுமா? அவர் மனைவி மேரி. வருடக்கணக்கில். டெஸ்ட்டுக்குக் கணவரின் பெயரில் பாதி. ருமேனியாவில் ஆரல் பாபேஷ் 1920-களிலேயே பிளாட்டினக் கம்பி வளையத்தால் செல் எடுத்துப் பார்த்துவிட்டார், அவர் பெயரையும் யாரும் சொல்வதில்லை. என் கணவரிடம் மேரி கதையைச் சொன்னேன். "நீயும் லேபுக்கு ஸ்வாப் கொடுத்தியே, உன் பேர வெச்சாங்களா?" என்கிறார்.

19 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். அக்கா பிரஷ் மாதிரி கொடுத்தாராம். ரிப்போர்ட்டில் "ஆஸ்கஸ்". அதாவது, செல் இயல்பாக இல்லை, ஆனால் என்ன என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. நாங்கள் கையைப் பிசையும்போது எழுதும் வார்த்தை என்றும் சொல்லலாம். ஹெச்பிவி நெகட்டிவ் என்றிருந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். பாசிட்டிவோடு சேர்ந்து வந்ததால் கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகிறார்கள். சரியான வழிதான்.

ஆஸ்திரேலியாவிலும் முதலில் ஸ்வாப், பிறகு பிரஷ் என்ற இதே வரிசைதான். 2022 ஜூலையில் இருந்து அங்கே யார் வேண்டுமானாலும் தானே எடுக்கலாம். 16 அல்லது 18 வந்தால் நேராகக் கால்போஸ்கோப்பி. மற்ற வகை வந்தால் திரும்ப வந்து பிரஷ் மாதிரி கொடுக்க வேண்டும். தம்பி, உங்கள் அக்காவை யாரும் அலைக்கழிக்கவில்லை. பல நாடுகளில் "மற்ற வகை"க்காரிகள் இரண்டு தடவை போகிறார்கள்.

இந்த இரண்டாவது தடவையில்தான் பெண்கள் நழுவுகிறார்கள். ஸ்வாபை வீட்டுக்கு அனுப்பினால், பரிசோதனைக்கே வராதவர்களில் கலந்துகொள்வோர் ஏறத்தாழ இரு மடங்காகிறார்கள் என்று ஒப்பீடுகள் சொல்கின்றன. நல்லது. ஆனால் எங்கள் பக்கம் பாசிட்டிவ் வந்தவர்களுக்குப் போன் போட்டால் "அவரு ஊர்ல இல்ல", "அறுப்பு முடியட்டும்", "பையனுக்குப் பரீட்சை". ஒரு பெண்ணின் கணவர் போனை வாங்கி "யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். இந்த வைரஸ் பத்து வருடத்துக்கு முன்பே வந்து பதுங்கியிருக்கலாம், யாரிடம் இருந்து என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது என்று விளக்கினேன். வைத்துவிட்டார். அந்த அம்மா வரவில்லை.

அதனால் எது சிறந்த முறை என்று என்னைக் கேட்டால், ஒரே தடவையில் முடிகிறவருக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு ஏற்கனவே வந்து படுத்துவிட்டவருக்கு, பிரஷ்ஷும் திரவமும்தான். வைரஸும் செல்லும் ஒரே வயலில் கிடைக்கும். ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவருக்கு ஸ்வாப், ஆனால் திரும்பக் கூப்பிட ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துவிட்டு.

22 மார்ச்

அந்த இரண்டாவது தடவையே இல்லாமல் செய்ய வழி தேடுகிறார்கள். செல்லின் ஜீன்கள் மீது மெத்தில் படிகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். இதைத் தானே எடுத்த ஸ்வாபிலேயே செய்யலாம், செல்லின் உருவம் தேவையில்லை. நம் பக்கம் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தால் என் மைக்ரோஸ்கோப்புக்கு ஓய்வு. அந்த ஓய்வின் முதல் நாள் காலையில் எல்லாருக்கும் வடை என் செலவு.

சிறுநீரில் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: பார்க்கிறார்கள். முதலில் வெளிவரும் சிறுநீர்தான் வேண்டும், அதுதான் வழியில் இருக்கும் செல்லை அடித்துக்கொண்டு வரும். சிறுநீர்த் தொற்று டெஸ்ட்டுக்கு "நடுவில் பிடி" என்று பழகியவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

11 ஏப்ரல்

"கால்போஸ்கோப்பியில் அக்காவுக்கு மூன்று இடத்தில் சதை எடுத்தார்கள். ஒன்று போதாதா? இதுதான் பணம் பிடுங்கல்" என்கிறார் தம்பி. விடமாட்டேன் என்கிறார்.

போதாது. பயாப்சியும் மாதிரிதானே, அதற்கும் ஒப்பீடு உண்டு. அமெரிக்காவில் கால்போஸ்கோப்பிக்கு வந்த பெண்களிடம் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு துண்டு எடுத்தால் முற்றிய மாற்றத்தில் 60 சதவீதம் அளவில்தான் பிடிபட்டது. இரண்டு எடுத்தால் 85, மூன்று எடுத்தால் 95. கண்ணுக்கு மோசமாகத் தெரிகிற இடமே மோசமான இடமாக இருப்பதில்லை. மூன்று எடுத்த டாக்டர் கவனமான டாக்டர். லேபில் துண்டுக்கு இவ்வளவு என்று பில் போட்டிருந்தால் அதைக் கேளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு.

எடுத்த இடத்தில் சில நாள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாகப் போகும். அது ரத்தத்தை நிறுத்தப் போட்ட மருந்து. பயப்பட வேண்டாம். ரத்தம் அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ போன் பண்ணச் சொல்லுங்கள்.

28 ஏப்ரல்

அக்காவின் பயாப்சி: சிஐஎன் 1. தம்பி சுருக்கமாக "இது நல்லதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

நல்லது. லேசான மாற்றம், பெரும்பாலும் தானே போய்விடும். டாக்டர் ஒரு வருடம் கழித்து ஹெச்பிவி பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் கேளுங்கள். தேதியை அக்காவின் போனில் போடாதீர்கள், உங்கள் போனில் போடுங்கள். இவ்வளவு சண்டை போட்டவர் மறக்க மாட்டீர்கள்.

14 மே

அமெரிக்காவில் இந்த மாதம் வீட்டிலேயே எடுக்கும் கருவி ஒன்றுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் மே மாதம் ஆஸ்பத்திரிக்குள் வைத்துத் தானே எடுப்பதற்குத்தான் அனுமதி இருந்தது. "பார்த்தீர்களா, இனி பிரஷ் செத்தது" என்று ஒருவர் கொண்டாடுகிறார். பாசிட்டிவ் வந்தால் அங்கேயும் டாக்டரிடம்தான் போக வேண்டும். மார்ச் 19 குறிப்பைப் படிக்கவும்.

15 மே

ஆண்களுக்கு இந்த டெஸ்ட் உண்டா என்று ஹேர் ஸ்பிரே அன்பர் கேட்கிறார். ஆண்களுக்கென்று வழக்கமான ஹெச்பிவி பரிசோதனை கிடையாது. தடுப்பூசி உண்டு, இள வயதில் போட்டால்தான் முழுப் பயன். உங்களுக்கு எத்தனை வயது, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எழுதுங்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.